பழைய கணினிக்குள் கிடைத்த மென்பொருள்: எது உங்களுடையது, எது இல்லை?

மூடப்படும் டிடிபி கடை ஒன்றின் கணினியை மலிவாக வாங்கி வந்து வீட்டில் வைக்கிறீர்கள். சுவிட்சைப் போட்டதும் விண்டோஸ் திறக்கிறது. திரை முழுக்க ஐகான்கள்: ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் 7, எம்எஸ் ஆபீஸ், ஒரு கணக்கு மென்பொருள். சி டிரைவைத் துழாவினால் கடைக்காரர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பெட்டிக்குக் கொடுத்த விலையைவிட உள்ளே இருப்பவற்றின் விலை பல மடங்கு. உடனே மூன்று ஆசைகள் வரிசையாக வருகின்றன. இவற்றை இதே கணினியில் அப்படியே பயன்படுத்தலாம். மடிக்கணினியிலும் ஒரு பிரதி போட்டுக்கொள்ளலாம். கேட்கும் நண்பர்களுக்குப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கலாம்.

சட்டத்தின் கண்ணில் இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குப் பல நேரங்களில் 'சரி' என்று பதில் வரும். இரண்டாவதற்கு 'பார்க்க வேண்டும்' என்று வரும். மூன்றாவதற்கு, ஒரே ஒரு வகை மென்பொருளைத் தவிர, 'கூடாது' என்றுதான் வரும். நம் ஊரில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒரு சாரார் "காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது, யார் என்ன கேட்பது" என்கிறார்கள். இன்னொரு சாரார் பழைய கணினியில் இருப்பதெல்லாம் திருட்டு என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு பேச்சும் சட்டத்தோடு ஒட்டவில்லை. இங்கே இந்தியச் சட்டத்தை மையமாக வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த சில வழக்குகளைத் தொடாமல் இந்த விஷயம் விளங்காது என்பதால் அங்கேயும் போய் வருவோம்.

பிரதி வேறு, பதிப்புரிமை வேறு

பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலை வாங்குகிறீர்கள். அதைப் படிக்கலாம், ஓரத்தில் கிறுக்கலாம், மறுபடி விற்கலாம், எடைக்கும் போடலாம். ஆனால் ஐம்பது பிரதி நகலெடுத்து விற்க முடியாது. தாளும் மையும் சேர்ந்த அந்த ஒரு பிரதி மட்டுமே உங்கள் கைக்கு வந்தது. பிரதி எடுக்கும் உரிமை எழுதியவரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கிறது. மென்பொருளுக்கும் அடிப்படை இதுதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1984-இல் கொண்டுவந்த திருத்தம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் சேர்த்தது. அதாவது உங்கள் கணினியில் உள்ள கணக்கு மென்பொருளும் சட்டத்தின் பார்வையில் நாவலோடு ஒரே அலமாரியில் நிற்கிறது. ஆடிட்டர்கள் மகிழக்கூடும்.

ஒரு வேறுபாடுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். புத்தகத்தைப் படிக்கும்போது அது இன்னொரு பிரதியாகப் பெருகுவதில்லை. மென்பொருளோ, பிரதி எடுக்காமல் இயங்கவே இயங்காது. குறுந்தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிரதி. ஐகானைத் தட்டும் ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ரேம் நினைவகத்துக்கு ஒரு பிரதி. ரேமில் தற்காலிகமாக ஏறுவதைக்கூடப் 'பிரதி' என்று கொள்ள முடியுமா என்று கேட்டால், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1993-இல் 'முடியும்' என்றது. கணினி பழுதுபார்க்க வந்த பீக் என்ற நிறுவனத்தின் ஆட்கள் வாடிக்கையாளரின் கணினியை ஆன் செய்ததே பிரதி எடுத்ததாகிவிட்டது என்று, அதில் ஓடிய மென்பொருளின் உரிமையாளரான எம்ஏஐ நிறுவனம் தொடுத்த வழக்கு அது. பழுதுபார்க்கும் தொழிலே ஆடிப்போனது. பழுதுபார்ப்பதற்காகக் கணினியை இயக்குவது குற்றமாகாது என்று 1998-இல் தனியாகச் சட்டத்திருத்தம் கொண்டுவந்து சமாளித்தார்கள்.

மென்பொருளை இயக்குவதே பிரதி எடுப்பதுதான் என்றால், சாதாரணப் பயனரைச் சட்டம் எங்காவது விலக்கி வைத்தாக வேண்டும். நம் சட்டத்தில் அந்த இடம் 52-ஆம் பிரிவு.

52-ஆம் பிரிவு தருவது என்ன?

அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவில் 'ஏஏ' என்று ஒரு கூறு இருக்கிறது. மென்பொருள் பிரதி ஒன்றைச் சட்டப்படி தன்வசம் வைத்திருப்பவர் அந்தப் பிரதியிலிருந்து இரண்டு காரணங்களுக்காக மறுபிரதி எடுக்கலாம் என்கிறது அது. ஒன்று, அந்த மென்பொருள் எதற்காக வழங்கப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்திக்கொள்ள. இரண்டு, தொலைந்துபோனாலோ கெட்டுப்போனாலோ பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தற்காலிகமாக ஒரு காப்புப் பிரதி வைத்துக்கொள்ள.

'சட்டப்படி தன்வசம் வைத்திருப்பவர்' என்பதைக் கவனியுங்கள். 'உரிமையாளர்' என்று நம் சட்டம் கேட்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு இதே சலுகையைப் பிரதியின் 'உரிமையாளருக்கு' மட்டும் தருகிறது. அங்கே மென்பொருள் நிறுவனங்கள் "நாங்கள் விற்கவே இல்லை, உரிமம்தான் கொடுத்தோம், ஆகவே நீ உரிமையாளன் இல்லை" என்று வாதிடுவதற்கு அது வழிவிட்டது. நம் சட்டத்தில் அந்த வாதத்துக்கு அவ்வளவு இடமில்லை. முந்தைய சொந்தக்காரர் ஒழுங்காக வாங்கி நிறுவியிருந்து, அதை முழுமையாகக் கணினியோடு உங்களிடம் விட்டுவிட்டார் என்றால், நீங்கள் 'சட்டப்படி வைத்திருப்பவர்' என்று சொல்லிக்கொள்ள நல்ல அடித்தளம் இருக்கிறது.

ஒரு சாதாரண வேலையை இதில் பொருத்திப் பார்க்கலாம். வாங்கிய கணினி ஆமைபோல் நகர்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடப் போகிறீர்கள். கடைக்காரர் டிஸ்க்கை அப்படியே 'குளோன்' செய்து தருகிறார். விண்டோஸ் தொடங்கி அத்தனை மென்பொருளும் மறுபிரதி ஆகிறது. இது தவறா? அதே கணினி, அதே பயன், அதே உரிமம். 'ஏஏ' கூறு இதற்காகவே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் குளோன் எடுத்த பிறகு பழைய டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டி அங்கேயும் இயக்கினால் கதை மாறிவிடுகிறது. ஓர் உரிமத்தில் இரண்டு கணினிகள் ஓடுகின்றன. பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்வதே ஒழுங்கு.

இதே பிரிவில் 'ஏடி' என்று இன்னொரு கூறும் உண்டு. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. வியப்பூட்டும் அளவுக்குத் தாராளமானது. நீங்களே சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயனுக்காக மறுபிரதி எடுப்பது மீறல் ஆகாது என்கிறது. அப்படியென்றால் இரண்டாவது ஆசையான மடிக்கணினிப் பிரதிக்கு இது போதுமே என்று துள்ள வேண்டாம். மூன்று கொக்கிகள் இருக்கின்றன. பிரதி சட்டப்படி வந்திருக்க வேண்டும். அதை நீங்களே பெற்றிருக்க வேண்டும். பயன் சொந்தப் பயனாக இருக்க வேண்டும். திருமணப் பத்திரிகை வடிவமைத்துக் காசு வாங்கும் நிமிடத்தில் மூன்றாவது கொக்கி அறுந்துவிடும். உரிம ஒப்பந்தத்தில் 'ஒரு கணினிக்கு மட்டும்' என்று இருந்தால், பதிப்புரிமை மீறல் இல்லை என்று நீங்கள் வாதாடினாலும் ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று நிறுவனம் தனியாக வரலாம். ஆக்டிவேஷன் போன்ற தொழில்நுட்பப் பூட்டை உடைத்து ஒருவரின் பதிப்புரிமையை மீறினால் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு வேறு காத்திருக்கிறது. அதில் இரண்டு ஆண்டுவரை சிறைக்கு இடமுண்டு. என்னைக் கேட்டால், 'ஏடி' கூறு உங்களைக் காப்பாற்ற உதவும் ஒரு நல்ல வாதம். அதை நம்பித் துணிந்து இறங்குவது வேறு விஷயம்.

ஒரு டாலர் நாவலும் ஆட்டோகேடும்

உரிம ஒப்பந்தம் என்று சொன்னேன். மென்பொருளை நிறுவும்போது பக்கம் பக்கமாக ஓடுமே, யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று தட்டுவோமே, அதுதான். அதில் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும்: இது விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது, இதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. இப்படி எழுதிவிட்டால் அது செல்லுமா?

நூறு ஆண்டுக்கும் முன்னால் புத்தகத்தில் இதே தந்திரம் முயன்று பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் தன் நாவல் ஒன்றின் உள்ளே ஒரு குறிப்பு அச்சிட்டது: இந்நூலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்க எந்த வியாபாரிக்கும் உரிமம் இல்லை, விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும். நியூயார்க்கின் மேசி அங்காடி அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1908-இல் பதிப்பகம் தோற்றது. ஒரு முறை விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மறுவிற்பனைமேல் உன் பிடி தீர்ந்தது என்றது நீதிமன்றம். 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்று இதைத்தான் சொல்கிறார்கள். பழைய புத்தகக் கடைகள் உலகெங்கும் நிம்மதியாக நடப்பது இப்படிப்பட்ட கோட்பாடுகளின் தயவில்தான்.

புத்தகத்தில் தோற்ற அதே வாதம் மென்பொருளில் வென்றது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த டிமத்தி வெர்னர் பழைய பொருட்களை வாங்கி ஈபே தளத்தில் விற்றுப் பிழைத்தவர். 2007-இல் சியாட்டிலில் ஒரு கட்டடக்கலை நிறுவனம் தன் அலுவலகப் பொருட்களைக் கழித்து விற்றபோது, கட்டட வரைபடங்கள் வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருளின் 14-ஆம் பதிப்புப் பெட்டிகள் நான்கை வாங்கினார். உள்ளே அசல் தகடுகள்; கூடவே ஆக்டிவேஷன் எண்கள் கையால் எழுதித் தரப்பட்டிருந்தன. அந்தக் கட்டடக்கலை நிறுவனமோ, சில ஆண்டுகளுக்கு முன்பே தள்ளுபடி விலையில் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. அப்படி மாறினால் பழைய தகடுகளை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அழிக்கவில்லை, விற்றுவிட்டது. வெர்னர் ஒரு பிரதிகூட எடுக்கவில்லை. மென்பொருளை நிறுவவும் இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் 'ஏற்கிறேன்' என்று தட்டவில்லை. அசல் பெட்டியை அசலாகவே விற்றார். ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஈபேயிடம் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்து அவருடைய விற்பனையை முடக்கியது. அவரே வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்.

அந்த நீதிமன்றம் மூன்று அடையாளங்களைப் பார்க்கச் சொன்னது. தருவது உரிமம்தான் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறதா? கைமாற்றுவதைக் கணிசமாகக் கட்டுப்படுத்தியிருக்கிறதா? பயன்பாட்டுக்குக் குறிப்பிடத்தக்க தடைகள் வைத்திருக்கிறதா? மூன்றும் இருந்தால் வாங்கியவர் உரிமையாளர் இல்லை, உரிமம் பெற்றவர் மட்டுமே. அவரிடம் இல்லாத உரிமையை அவரிடமிருந்து வாங்கியவருக்கு எப்படித் தருவார்? தர்க்கம் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றையும் எழுதிவைக்காத உரிம ஒப்பந்தத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். முதல் விற்பனைக் கோட்பாட்டை ஒரு தாளில் நாலு வரி எழுதியே தள்ளிவைக்க முடியும் என்றால், 1908-இல் பாப்ஸ்-மெரில் ஏன் தோற்றது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஐரோப்பா நேர் எதிர்த் திசையில் போனது. ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் உரிமங்களைப் பயன்படுத்தாதவர்களிடமிருந்து வாங்கி விற்ற யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் தொடர்பான வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று தீர்ப்புச் சொன்னது. காலவரம்பில்லாத உரிமத்தைப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனையேதான், பெயரை எப்படி மாற்றி எழுதினாலும் சரி. இணையத்திலிருந்து தரவிறக்கிய மென்பொருளுக்கும் இது பொருந்தும் என்றது. கூடவே ஒரு நிபந்தனை: விற்பவர் தன் கணினியில் உள்ள பிரதியைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும். 25 பேருக்கான உரிமத்தை உடைத்து, மிச்சமுள்ள பத்தை மட்டும் விற்கவும் முடியாது. 2016-இல் லாட்வியாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், காப்புப் பிரதியை விற்கக் கூடாது என்று கோடு கிழித்தது. அசல் தகடு உடைந்துபோனாலும், தொலைந்துபோனாலும் சரி, நீங்களே பிரதியாகப் பதிந்து எடுத்த தகட்டை விற்பனைப் பொருளாக்க முடியாது.

இந்தியா? இங்கே பெரிய தீர்ப்புகள் வரி வழக்குகள் வழியாக வந்தன என்பது ஒரு வேடிக்கை. பெட்டியில் அடைத்து விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டு மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் பணம் 'ராயல்டி'யா என்ற கேள்வி 2021 மார்ச் 2 அன்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் தீர்ந்தது. வாங்குபவர் கைக்கு வருவது பதிப்புரிமை கொண்ட ஒரு பொருள். பதிப்புரிமையின் எந்தத் துண்டும் அவருக்கு வருவதில்லை. எனவே ராயல்டி இல்லை என்றது நீதிமன்றம். நமக்கு வேண்டியது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஒரு மென்பொருள் பிரதி 'முன்பே விற்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்' அதை விற்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கே என்று ஒரு தொடர் இருந்தது. 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். நீக்கியதற்குப் பொருள் உண்டு என்று எடுத்துக்கொண்டு, பிரதிகளை உருவாக்கி விற்பதைத்தான் சட்டம் தடுக்கிறது, ஏற்கெனவே வாங்கிய பிரதியைக் கைமாற்றுவதை இல்லை என்ற போக்கில் நீதிமன்றம் விளக்கியது. பழைய கணினி வாங்குபவருக்கு இது தெம்பான செய்தி. பிரதி எடுத்துப் பரப்ப நினைப்பவருக்கு இதே செய்தி எச்சரிக்கை.

உங்கள் பெட்டிக்குள் இருப்பது எந்த ரகம்?

சட்டம் போகட்டும், கையில் உள்ள கணினியைப் பார்ப்போம். விண்டோஸ் மூன்று வழிகளில் ஒரு கணினிக்குள் வந்திருக்கும். கணினி தயாரித்த நிறுவனமே போட்டுக் கொடுத்தது ஒன்று, ஓஇஎம் என்பார்கள். தனியாகக் கடையில் வாங்கிப் போட்ட ரீடெய்ல் ஒன்று. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் உரிமம் மற்றொன்று.

ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதோடே சாகும். கணினி கைமாறினால் உரிமமும் கூடவே வரும். எனவே முதல் ஆசை இங்கே முழுமையாக நிறைவேறுகிறது. ஆனால் அதைப் பெயர்த்து எடுத்து மடிக்கணினியில் நட முடியாது. ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி மாட்டினாலும் உரிமம் பழைய பெட்டியிலேயே நின்றுவிடும். ரீடெய்ல் உரிமத்தைக் கணினி விட்டுக் கணினி மாற்றலாம். ஆனால் பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும். வால்யூம் உரிமம் வாங்கிய நிறுவனத்தோடு தங்கிவிடும். அலுவலகம் கழித்துப் போட்ட கணினியோடு சேர்ந்து வராது. கம்பெனி கணினிகளை மொத்தமாக ஏலத்தில் எடுத்து விற்கும் கடைகளில் வாங்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் இடது மூலையில் ஒரு சிறு கட்டம் திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடிகளில் ஒரு சிறு பெட்டி எழும். விளக்க வரியில் 'ஓஇஎம் சேனல்', 'ரீடெய்ல் சேனல்', 'வால்யூம்' என்று ஏதாவது ஒன்று ஆங்கிலத்தில் இருக்கும். கீழே பொருள் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகள் தெரியும். வால்யூம் என்பதோடு 'கேஎம்எஸ் கிளையன்ட்' என்றும் இருந்து, 180 நாளைக்குள் காலாவதியாகும் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். அந்த முறையில் கணினி தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு அவ்வப்போது அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் அப்படியொரு சர்வர் இல்லை. இருந்தும் அனுமதி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், பெட்டிக்குள்ளேயே ஒரு போலி சர்வர் ஓடுகிறது. தெருமுனைக் கடையில் 'கிராக்' போட்டுக் கொடுத்தது அதுவாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட பிரதியை விற்றவரும் சட்டப்படி வைத்திருக்கவில்லை, வாங்கிய நீங்களும் வைத்திருக்க முடியாது. 52-ஆம் பிரிவின் நிழல் இங்கே விழாது. மீறல் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவு: ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய்வரை அபராதம். வணிகத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். 'தெரிந்தே' என்ற நிபந்தனை உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு அந்தச் சாதகம் கொஞ்சம் குறைகிறது, மன்னிக்கவும். பிரதி எடுத்து விற்பவருக்கு 63-ஆம் பிரிவு பொருந்தும். குறைந்தது ஆறு மாதச் சிறை. அந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலேயே போலீஸ் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

உரிமம் கணினியோடு ஒழுங்காக வந்திருந்தால்கூடத் தகட்டைப் பிரதி எடுத்து விநியோகிப்பது தனிக் குற்றம் என்பதற்கு எரிக் லண்ட்கிரென் கதையைவிட நல்ல சான்று இல்லை. கலிபோர்னியாவில் மின்கழிவு மறுசுழற்சித் தொழில் நடத்தியவர். பழைய டெல் கணினிகளைத் தூக்கி எறியாமல் மறுபடி ஓட வைக்க, விண்டோஸை மீட்டெடுக்கும் தகடுகள் வேண்டும். உரிமம் உள்ள கணினிக்கு அதே மென்பொருளை இணையத்தில் இலவசமாகவே இறக்கலாம். இவர் சீனாவில் 28,000 தகடுகள் அடித்தார், டெல், மைக்ரோசாஃப்ட் முத்திரைகளோடு. கணினி புதுப்பிக்கும் கடைகளுக்கு மலிவாக விற்கத் திட்டம். சுங்கத்துறையிடம் மாட்டினார். உரிம எண் இல்லாத தகட்டுக்கு மதிப்பே இல்லை என்று வாதாடிப் பார்த்தார். ஒரு தகடு 25 டாலர் என்று கணக்குப் போட்டு, 15 மாதச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். 2018-இல் மேல்முறையீடும் தோற்றது. தண்டனை கூடுதல் என்பதே என் எண்ணம். ஆனால் அசல்போல் முத்திரை போட்டு ஆயிரக்கணக்கில் அடித்ததற்குச் சட்டத்தில் எந்த விலக்கும் இல்லை என்பதும் உண்மை.

இன்றைய கணினிகளில் அந்தத் தலைவலியும் இல்லை. விண்டோஸ் 8 காலம் முதல் ஓஇஎம் எண் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கிப் புதிதாகப் போட்டால் அதுவாக ஆக்டிவேட் ஆகிவிடும். முந்தையவர் விட்டுப்போனதில் என்ன வைரஸ் ஒளிந்திருக்கிறதோ என்ற கவலையும் தீரும்.

மற்ற மென்பொருட்களில் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். மாதச் சந்தா மென்பொருள் முந்தையவரின் கணக்கோடு கட்டுண்டது; உங்களுக்கு எதுவும் வராது. ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய பழைய பதிப்பு என்றால் தகடு, பெட்டி, பில், எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் ஒரிஜினல்தான் சார்" என்ற வாய்மொழிக்கு வழக்கில் மதிப்பு குறைவு. கணினியின் பில்லிலேயே எந்தெந்த மென்பொருள் உரிமத்தோடு சேர்த்து விற்கப்படுகிறது என்று எழுதி வாங்க முடிந்தால் மிக நல்லது. எழுதித் தரத் தயங்கினால் விடை தெரிந்துவிட்டது.

'இப்போது யாரும் விற்பதில்லை, ஆகவே எடுத்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். சில ஆண்டுகளிலேயே அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. ஆனால் விற்பனையை நிறுத்துவது உரிமையைத் துறப்பது ஆகாது. நம் நாட்டில் பதிப்புரிமை அறுபது ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. கணினியே ஓடாத காலம்வரை பேஜ்மேக்கரின் உரிமை ஓடும்.

தாராளமாகப் பிரதி எடுக்கக்கூடியவை

மூன்றாவது ஆசைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். அந்த டிடிபி கணினியில் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், விஎல்சி, ஏதாவது ஒரு லினக்ஸ் என இருந்தால் அவற்றை ஊர் முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். இவை கட்டற்ற மென்பொருட்கள். பிரதி எடுக்கும் அனுமதியை உரிமமே முன்கூட்டித் தந்துவிடுகிறது. தகட்டில் ஏற்றி விலைக்குக்கூட விற்கலாம், உரிமத்தையும் மூலநிரல் பெறும் வழியையும் சேர்த்துத் தந்தால் போதும். இதையும் இலவசமாகக் கிடைப்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. காசு கேட்காத மென்பொருள் பல, பிறருக்கு விநியோகிக்கும் உரிமையைத் தருவதில்லை. அதன் தளத்திலிருந்து அவரவரே இறக்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்துருக்களில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எழுத்துருக் கோப்பு என்பதும் உரிமத்தோடு விற்கப்படும் ஒரு மென்பொருள். டிடிபி கடைகளில் பலர் அதைப் படம், பாட்டுபோல் கைமாற்றுகிறார்கள். பழைய தமிழ்க் கோப்புகள் டாம், டாப், பாமினி போன்ற குறியாக்கங்களில் இருப்பதால், அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்; அதனால்தான் எழுத்துருவை விட மனம் வருவதில்லை. கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறிக்கு மாறிவிட்டது. மாற்றிய பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்ற எழுத்துருக்கள் போதும். இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை; எத்தனை கணினியிலும் போடலாம், அச்சு வேலைக்கும் பயன்படுத்தலாம், கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கத்தான் கூடாது.

கணினியில் மென்பொருளோடு முந்தையவரின் வாடிக்கையாளர் பட்டியல், திருமணப் படங்கள், வங்கிக் கோப்புகள் கிடந்தால் அவற்றில் கைவைக்காமல் அழித்துவிடுங்கள். மென்பொருள் உரிமம் கணினியோடு வரலாம். அடுத்தவர் அந்தரங்கம் எந்தப் பில்லிலும் வராது. விற்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் வேலை தலைகீழ்: சந்தாக் கணக்குகளிலிருந்து வெளியேறி, அந்தக் கணினியை ஆக்டிவேஷன் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ரீடெய்ல் மென்பொருளை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் விற்கும் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள். வாங்குபவருக்கே கொடுக்கிறீர்கள் என்றால், உரிமம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, எண்ணையும் தகட்டையும் நீங்கள் எடுத்து வைத்த காப்புப் பிரதியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கணினியில் செருகினால்தான் திறக்கும் டாங்கிள் என்ற சிறு துண்டைப் பூட்டாக வைத்த மென்பொருள் என்றால் அந்தத் துண்டையும் மறக்காமல் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அந்த மென்பொருள் திறக்காது.